மாயமான மஞ்சள்

"திருடியைப் பிடிச்சாச்சு. நீங்க வந்து துப்பறிஞ்சாப் போதும்."

போனில் இப்படிப் பேசிய கட்சிக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை. கல்யாணம் முடிந்த பிறகு பெண் பார்க்க வரச் சொல்கிற கதையாக இருந்தது. ஆனால் அத்தை "வர்றோம்" என்று ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டாள்.

அத்தை என்றால் என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடிக்கிற வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகு பொய் கேட்காமல் பொழுது போகவில்லை என்று துப்பறியும் ஏஜென்சி ஆரம்பித்தாள். நான் அதில் உதவியாளர், டிரைவர், டைப்பிஸ்ட், வசவு வாங்கும் பிரிவின் தலைவர். வெளியாட்கள் முன்னால் "மேடம்" என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது உத்தரவு. முப்பத்தாறு வருடமாக அத்தை என்றே பழகிய வாய் எந்த உத்தரவைக் கேட்கும்?

பன்னிரண்டரை மணிக்கு டைரக்டர் அறையில் உட்கார்ந்திருந்தோம். அது ஒரு மருந்து ஆராய்ச்சி நிறுவனம். சுவரில் டைரக்டரின் போட்டோக்கள் பதினான்கு. எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு பெரிய மனிதர் கையைக் குலுக்கிக்கொண்டே டைரக்டர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். நிஜத்தில் சிரிக்கவில்லை. மேஜை மேல், அலுமினியத் தாள் சுற்றிய ஒரு சின்னப் பழுப்புக் குப்பி இருந்தது.

"இதுதான் எங்க கண்டுபிடிப்பு," என்றார். "மஞ்சள்ல ஒரு சத்து இருக்கு. மூளை நரம்பு சிதையாம காப்பாத்தும். ஆனா சும்மா சாப்பிட்டா பிரயோஜனம் இல்ல. பாதி வயித்துலயே வீணாப் போகும், மீதி மூளை வாசல்ல நின்னுடும்."

"மூளைக்கு வாசல் இருக்கா சார்?" என்றேன்.

"இருக்கு. ரத்தத்துல வர்ற கண்டதையும் உள்ள விடாத காவல் கதவு."

"எனக்கு அந்தக் கதவு ரொம்ப ஸ்ட்ராங் சார். பன்னெண்டு வருஷம் வாத்தியாருங்க தட்டிப் பார்த்தாங்க, திறக்கவே இல்ல."

அத்தை என் காலை மிதித்தாள். டைரக்டர் என்னைக் கவனிக்கவே இல்லை. அவர் சொன்னதன் சாரம் இது. மஞ்சளிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்து, கொழுப்பும் சர்க்கரையும் கலந்த ஒரு மேலுறைக்குள் வைத்து, நுண்ணிய உருண்டையாக்குகிறார்கள். ஒரு மில்லிமீட்டரை மூவாயிரம் துண்டாக்கினால் ஒரு துண்டு எவ்வளவோ அவ்வளவுதான் உருண்டை. மேலுறை போட்டுக்கொண்டு போவதால் மூளை வாசலில் அதைத் தடுக்க மாட்டார்களாம். ஐந்து மாதமாக எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஞாபகசக்தி எழுபத்திரண்டு சதவீதம் கூடியிருக்கிறதாம். மறுநாள் காலை அறிமுக விழா.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றாள் அத்தை.

"குப்பியில மருந்து இல்ல. வெறும் தண்ணி." டைரக்டரின் குரல் இறங்கியது. "அளக்கிற மெஷின் நாலு மாசமா ரிப்பேர்ல கிடந்தது. முந்தாநாள்தான் சரியாச்சு. விழாவுக்கு ஒரு சர்டிஃபிகேட் எடுத்து வைப்போம்னு அளந்தா, மஞ்சள் சத்து பூஜ்யம்னு காட்டுது. ஃப்ரிட்ஜ்ல இருக்கிற அறுபது குப்பியும் அப்படித்தான்."

"யாரு எடுத்ததுங்கிறீங்க?"

"எலிக்கூண்டு பார்த்துக்கிற அம்மா. வேற யாரு? ஃப்ரிட்ஜ் சாவி என்கிட்ட ஒண்ணு, அந்தம்மாகிட்ட ஒண்ணு. புருஷனுக்கு மறதி நோய். இந்த மருந்து மனுஷங்களுக்கு எப்ப சார் வரும்னு என்னையே வழிமறிச்சுக் கேட்டிருக்கு. எல்லாத்துக்கும் மேல இதைப் பாருங்க." ஒரு தடி நோட்டைத் தள்ளினார். புகார்ப் புத்தகம். "மெஷின் சொல்றதுக்கு நாலு மாசம் முன்னாடியே எழுதியிருக்கு!"

அத்தையின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். மூன்றாம் தேதி போட்டு, கோணல் எழுத்தில், 'எலிகளுக்கு மருந்து போய்ச் சேரவில்லை. தயவுசெய்து பார்க்கவும்' என்றிருந்தது. அதற்கடுத்த வாரம் அதே வரி. அதற்கடுத்த மாதம் அதே வரி. மூன்றுக்கும் கீழே பச்சை மையில் 'பார்த்தேன்' என்று எழுதி டைரக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"பத்தாம் கிளாஸ் தாண்டாத ஒருத்திக்கு, மெஷினுக்கே தெரியாத விஷயம் எப்படித் தெரியும்? எடுத்தவளுக்குத்தானே தெரியும்?"

"எடுத்தவளே புகார் எழுதுவாளா சார்?" என்றேன்.

"அதுதான் தந்திரம்."

தலையெழுத்து. அந்த அம்மா எழுதாமல் இருந்திருந்தால் மறைத்தாள் என்பார், எழுதியதால் தந்திரம் என்கிறார். டைரக்டர் மணி பார்த்தார். நாலு மணிக்குப் போலீஸுக்குக் கடிதம் போகுமாம். டைப் அடித்துத் தயாராக இருந்தது. அதற்குள் நாங்கள் அந்த அம்மாவிடம் ஒப்புதல் எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டால், மருந்து திருடு போய்விட்டது என்று சொல்லி விழாவைத் தள்ளி வைக்கலாம். இல்லையென்றால் மருந்தே போலி என்று ஊர் சிரிக்கும்.

வெளியே வந்ததும் அத்தை கேட்டாள்: "குப்பியோட சீலைப் பார்த்தியா?"

"பார்த்தேன் அத்தை. வச்ச சீல் வச்சபடி இருக்கு."

"சீல் உடையாம உள்ள இருக்கிறது மாறினா அதுக்குப் பேரு மந்திரம். மந்திரவாதிக்கு நாம இன்ஷூரன்ஸ் கொடுத்ததே இல்ல. டேய், ஒரு பொருள் திருடு போகணும்னா அது முதல்ல இருந்திருக்கணும்ல?"

எலிக்கூண்டு அறை கட்டடத்தின் கடைசியில் இருந்தது. எனக்கு எலி என்றாலே ஆகாது. இருநூறு எலிகள் ஒரே நேரத்தில் மூக்கை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்தபோது, வந்த வழியே திரும்பலாமா என்று தோன்றியது. தொட்டியருகே ஒரு பெண்மணி கூண்டுத் தட்டுகளைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். நிறுவனத்தில் எல்லோருக்கும் அவள் கூண்டு அக்கா.

"என்னைப் பிடிச்சுட்டுப் போறவங்க நீங்களா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"இல்லக்கா, பிடிக்கிறவங்க நாலு மணிக்கு வருவாங்க," என்றேன். அத்தை அதே காலை மறுபடி மிதித்தாள்.

கூண்டு அக்கா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "எத்தனை மணிக்கு வந்தாலும் ஆறு மணிக்கு நான் வீட்ல இருக்கணும். வெளியே பூட்டிட்டு வந்தா அவரு கத்துவாரு. அதனால உள்ளருந்து தாழ்ப்பாள் போட்டுக்கச் சொல்லிட்டு வர்றேன். நான் யாருன்னு அவருக்கு இப்பத் தெரியாது. ஆனா மூணு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு தட்டினா திறப்பாரு. எங்க பொண்ணு அதே மாதிரி தட்டிப் பார்த்தா, திறக்கல. என்னை ராத்திரி பூரா ஸ்டேஷன்ல உட்கார வச்சாங்கன்னா அந்த மனுஷன் பட்டினியா உள்ளயே கிடப்பாரு. கதவை உடைச்சா பயந்தே செத்துடுவாரு."

தாழ்ப்பாளைப் பற்றி ஒரு ஜோக் நாக்கு நுனி வரை வந்திருந்தது. விழுங்கிவிட்டேன்.

அத்தை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எலிக்கு மருந்து போய்ச் சேரலன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"கழுவுறவளுக்குத் தெரியாதாம்மா?" கூண்டு அக்கா ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினாள். "மருந்து குடிச்ச எலிக்குப் புழுக்கை மஞ்சளா வரும். கீழ பரப்புற மரத்தூள் பூரா மஞ்சள் கறை. முதல் மாசம் தேய்ச்சுத் தேய்ச்சு எனக்குக் கை விட்டுப் போச்சு. ஒரு நாள் பார்த்தா தட்டு பளிச்சுன்னு இருக்கு. எல்லாத் தட்டும் அப்படித்தான். வேலை மிச்சம்னு சும்மா இருந்திருக்கலாம். ஆனா வயித்துக்குள்ள போனது வெளிய வந்தாகணும்ல? வரலன்னா போகலன்னுதானே அர்த்தம்?"

"இதை ஏன் புத்தகத்துல எழுதல?"

"புழுக்கை சமாச்சாரத்தை டைரக்டருக்கு எப்படிம்மா எழுதறது? அதான் 'மருந்து போய்ச் சேரவில்லை'ன்னு மரியாதையா எழுதினேன்."

மரியாதை பார்த்ததற்கு இந்தப் பரிசு. ஒரே ஒரு முறை அந்த அம்மா புழுக்கை என்று பச்சையாக எழுதியிருந்தால், அந்தப் பச்சை மைக்காரர் படித்திருப்பார் என்று எனக்குக் கோபமாக வந்தது. அத்தை அமைதியாக, தட்டு வெளுத்த தேதி என்ன என்று கேட்டாள். மூன்றாம் தேதி. புகார் எழுதிய அதே நாள்.

நடைக்கு வந்ததும் அத்தை நின்றாள். "மஞ்சள் கறை அவ்வளவு லேசுல போகாது. உன் கல்யாணச் சட்டையில பட்டது இன்னும் இருக்கு. இப்ப குப்பிக்குள்ள மஞ்சள் இல்ல, எலிக்குள்ள மஞ்சள் இல்ல. அப்ப இந்தக் கட்டடத்துல வேற எங்கயோ மஞ்சளா ஒண்ணு இருந்தே ஆகணும். வேண்டாததெல்லாம் கடைசியில எங்க போய்ச் சேரும்?"

"டைரக்டர் ரூமுக்கு."

"குப்பைத் தொட்டிக்குடா."

பின்கட்டில் நாலு பெரிய தொட்டிகள் இருந்தன. பக்கத்தில் ஒரு காவலாளி, இரண்டு எலிப்பொறிகளை மடியில் வைத்துக்கொண்டு, வாழ்க்கை வெறுத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"கையை விடாதீங்க மேடம், எலி இருக்கு," என்றார்.

"உள்ள எலி வளர்க்கிறாங்க, வெளிய நீங்க எலி பிடிக்கிறீங்களா?" என்றேன்.

"பிடிச்சாத்தானே! முன்னெல்லாம் வாரத்துக்கு அஞ்சாறு விழும். மூணு மாசமா ஒண்ணுகூட மாட்டல. வைக்கிற ரொட்டி மட்டும் காணாமப் போகுது. நேத்து பொறி மூடாம இருக்க ஒரு குச்சியை முட்டுக் கொடுத்து வச்சிருந்துச்சு சார். சத்தியமா! இதை நான் யாருகிட்ட போய்ச் சொல்றது? சொன்னா, டியூட்டில குடிச்சிருக்கியான்னு என்னை ஊதச் சொல்லுவாங்க."

அத்தை குடைக் கம்பியால் மூன்றாவது தொட்டியின் மேல்குப்பையை விலக்கினாள். அடியில் குவியல் குவியலாகச் சின்ன வட்டத் தாள்கள். சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிசு. ஒவ்வொன்றும் பளீர் மஞ்சள். பாதிக்கு மேல் ஓரங்கள் கொறிக்கப்பட்டிருந்தன.

"கொழுப்பும் சர்க்கரையும்," என்றாள் அத்தை. "எனக்கே கொஞ்சம் பசிக்குது." நாலு தாளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

மருந்து தயாரிக்கும் அறையின் வாசலில் கறுப்புத் திரை தொங்கியது. உள்ளே மங்கலான சிவப்பு விளக்கு மட்டும். வெள்ளை வெளிச்சம் பட்டால் அந்த மஞ்சள் சத்து கெட்டுவிடும் என்பதால் இந்த ஏற்பாடாம். அங்கே வேலை செய்தவர் ஓர் ஆராய்ச்சி மாணவர். ஏழு வருடமாக டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டே இருப்பதால் அவருக்கு நான் வருங்கால டாக்டர் என்று பேர் வைத்தேன். அவருடைய வலது கட்டைவிரலில் பெரிய கட்டு.

"விரல்ல என்ன தம்பி?" என்றாள் அத்தை.

"காய்ச்சுப் போச்சு மேடம். தள்ளித் தள்ளி."

"எங்க, எப்படித் தள்ளுவீங்க, செஞ்சு காட்டுங்க."

அவர் செய்து காட்டினார். கலந்து வைத்த மருந்தைப் பெரிய ஊசிக்குழாயில் உறிஞ்சினார். அதன் வாயில் ஒரு வட்டத் தாள் வைத்த வடிகட்டியைத் திருகினார். கீழே பழுப்புக் குப்பியை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக் கட்டைவிரலால் அமுக்கினார். சொட்டு சொட்டாக இறங்கியது. கிருமி போவதற்காக இப்படி வடிகட்டுவார்களாம். இரண்டு அமுக்கிலேயே அடைத்துக்கொண்டது. தாளை மாற்றினார். மறுபடி அமுக்கினார். பார்க்கிற எனக்கே விரல் வலித்தது.

"எப்பவும் இவ்வளவு கஷ்டமா?"

"முதல் மாசம் சுலபமாப் போச்சு மேடம். நாலு மாசமாத்தான் இப்படி. ஒரு குப்பிக்கு ஏழெட்டுத் தாள் மாத்துறேன்."

"ஏன் இப்படி ஆச்சுன்னு யோசிக்கலையா?"

"யோசிச்சேன். எனக்கு உடம்புல சத்து பத்தலன்னு நினைச்சேன்."

அத்தை என் பக்கம் கையை நீட்டினாள். "டேய், செல்போன் டார்ச்."

"ஐயோ, வேண்டாம் மேடம்! வெளிச்சம் பட்டா மருந்து கெட்டுடும்!"

"இல்லாத மருந்து எப்படித் தம்பி கெடும்?"

டார்ச்சைப் போட்டேன். ஊசிக்குழாய்க்குள் இருந்தது நல்ல மஞ்சள். வடிகட்டியின் தாளில் மஞ்சள் அப்பிக்கொண்டிருந்தது. குப்பிக்குள் இறங்கிய இரண்டு மூன்று சொட்டுகளை அத்தை ஒரு கண்ணாடித் தட்டில் கவிழ்த்துக் காட்டினாள். குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது.

வருங்கால டாக்டர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "சிவப்பு வெளிச்சத்துல ரெண்டும் ஒரே மாதிரி தெரியும் மேடம். குப்பி பழுப்பு. அதுக்கு மேல அலுமினியத் தாள். மருந்து கெட்டுடக் கூடாதுன்னு இவ்வளவு பத்திரமா வச்சதுல, நாலு மாசமா ஒருத்தரும் அதைப் பார்க்கவே இல்ல."

"உங்க உருண்டை என்ன அளவு?"

"புள்ளி மூணு மைக்ரான்."

"தாள்ல இருக்கிற ஓட்டை?"

"முன்னாடி புள்ளி நாலு அஞ்சு. இப்ப புள்ளி ரெண்..." அவர் வாய் அப்படியே நின்றது.

நான் கணக்கில் எடுத்த மார்க்கை இங்கே சொல்ல விரும்பவில்லை. ஆனால் மூன்று அடி அகலமுள்ள ஆள் இரண்டு அடி அகலமுள்ள கதவில் நுழைய முடியாது என்பது எனக்கே விளங்கியது. அத்தை டார்ச்சைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொன்னாள். அங்கே ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. 'உலகத் தரத்தை எட்டும் முயற்சியாக, இன்று முதல் மிக நுண்ணிய வடிதாள் மட்டுமே பயன்படுத்தப்படும். இதில் விவாதத்துக்கு இடமில்லை.' பச்சை மையில் கையெழுத்து. தேதி இரண்டு. மறுநாள் மூன்றாம் தேதிதான் கூண்டு அக்காவின் தட்டு வெளுத்தது.

"இதைப் படிச்சப்போ உங்களுக்குத் தோணலையா தம்பி? நீங்க படிச்சவருதானே?"

"தோணியிருக்கும் மேடம். ஆனா என் தீசிஸ்ல இன்னும் அவரு கையெழுத்துப் போடல."

மூன்றே முக்காலுக்கு வருங்கால டாக்டரையும் கூட்டிக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போனோம். ஒப்புதல் எழுதுவதற்காகக் கூண்டு அக்காவை வரவழைத்துக் கதவோரமாக நிற்க வைத்திருந்தார்கள். போலீஸ் கடிதம் உறைக்குள் போயிருந்தது. ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.

"திருடனைக் கண்டுபிடிச்சாச்சு சார்," என்றாள் அத்தை.

டைரக்டர் கூண்டு அக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகராசி அப்படி. அத்தை சுவரிலிருந்து பெயர்த்து வந்த சுற்றறிக்கையை மேஜையில் வைத்து, அதன் மேல் மஞ்சள் தாள்களைப் பரப்பினாள்.

"இது நான் போட்ட ஆர்டர்!"

"ஆமா சார். மூணு நம்பர் உருண்டையை ரெண்டு நம்பர் ஓட்டையில போகச் சொல்லி ஆர்டர் போட்டிருக்கீங்க. உங்க கையெழுத்துக்கு மனுஷங்க பயப்படுவாங்க. உருண்டை பயப்படல. வெளியவே நின்னுடுச்சு. மருந்து குப்பைக்குப் போச்சு, தண்ணி எலிக்குப் போச்சு. அதை மறுநாளே கண்டுபிடிச்சது இந்த அம்மா. எப்படின்னு கேட்டா உங்களுக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்கும், ஆனா சொல்றேன்."

சொன்னாள். புழுக்கை என்ற சொல் அந்தப் பதினான்கு போட்டோக்களுக்கு நடுவே முதல் முறையாக ஒலித்தது. டைரக்டர் முகம் வெளுத்து, சிவந்தது. வெள்ளத்தில் போகிறவன் மரக்கிளையைப் பிடிப்பது போல ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ எழுபத்திரண்டு சதவீதம்? வெறும் தண்ணி குடிச்ச எலிக்கு ஞாபகசக்தி எப்படிக் கூடும்? சொல்லுங்க பார்ப்போம்!"

எல்லோரும் வருங்கால டாக்டரைப் பார்த்தோம். அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"தண்ணித் தொட்டியில எலியை விடுவோம் மேடம். உள்ள மறைஞ்சிருக்கிற படியை அது ஞாபகம் வச்சுக் கண்டுபிடிச்சு ஏறணும். எவ்வளவு நேரமாகுதுன்னு ஸ்டாப்வாட்ச் அமுக்கறது நான்தான். பச்சைச் சீட்டு ஒட்டின கூண்டு நம்ம மருந்து குடிச்சதுன்னு எனக்குத் தெரியும். அந்த எலி படிக்குப் பக்கத்துல வந்தாலே விரல் தானா அமுங்கிடுது. மத்த எலி படி மேல ஏறி, உட்கார்ந்து, மீசையைத் துடைக்கிற வரைக்கும் காத்திருப்பேன் போல. வேணும்னு செய்யல சார். நல்லா வரணுங்கிற ஆசை."

ஒரே கட்டைவிரல். மருந்தை வெளியே தள்ளியதும் அதுதான், மருந்து வேலை செய்வதாகக் காட்டியதும் அதுதான். டைரக்டர் நாற்காலியில் சரிந்தார். எனக்கு ஒரு நிமிடம் பாவமாகக்கூட இருந்தது. அந்த இரக்கத்தில்தான் வாயை விட்டேன்.

"விடுங்க சார், உங்க மருந்தை யாரும் சாப்பிடலன்னு வருத்தப்படாதீங்க. பின்கட்டு எலியெல்லாம் நல்லாத் தின்னிருக்கு. மூணு மாசமா ஒண்ணுகூடப் பொறியில மாட்டலையாம்."

டைரக்டர் நிமிர்ந்தார். கண்ணில் ஒரு பல்ப் எரிந்தது. "மாட்டலையா? மூணு மாசமாவா?" உடனே காவலாளிக்குப் போன் போட்டார். "நாளைக் காலையில விழா மேடைக்கு அந்த எலிங்க பத்து வேணும்! பிடிச்சு வைங்க!"

போனில் காவலாளி கத்தியது எங்களுக்கே கேட்டது. "அதுதானே சார் பிரச்சினை!"

டைரக்டர் காதில் வாங்கவில்லை. 'திறந்தவெளி ஆய்வு' என்று ஒரு தாளில் எழுதி அடிக்கோடு போட்டார். போலீஸ் உறையைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, அப்போதுதான் நினைவு வந்தவர் போலக் கதவுப் பக்கம் கையாட்டினார். "நீ போகலாம்மா. மனசுல ஒண்ணும் வச்சுக்காத. நடந்ததை மறந்துடு."

"மறக்கிறதுக்கு எங்க வீட்ல ஏற்கெனவே ஆள் இருக்கு சார்," என்றாள் கூண்டு அக்கா.

அத்தை புகார்ப் புத்தகத்தைத் திறந்து டைரக்டர் முன்னால் வைத்தாள். கூண்டு அக்கா எழுதியது மூன்று முறையும் சரி, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் எங்கள் அறிக்கை வெளியே போகாது என்றாள். டைரக்டர் நாலு தடவை பேனாவை மூடித் திறந்தார். பிறகு எழுதினார். நான் பக்கத்தில் நின்று எழுத்துப் பிழை பார்த்தேன். அந்தச் சுகத்துக்கே நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

நாலரை மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் கூண்டு அக்கா நின்றிருந்தாள். காரில் கொண்டுபோய் விடுகிறோம் என்றோம், வேண்டாம் என்றாள். எங்களையே பார்த்துக்கொண்டு நின்றவள் திடீரென்று சொன்னாள்: "நான் எடுத்தேன்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னக்கா சொல்றீங்க? இப்பத்தானே நீங்க எடுக்கலன்னு பச்சை மையில எழுதி வாங்கினோம்!"

"முதல் மாசம். தட்டு மஞ்சளா இருந்த மாசம். எலிக்கெல்லாம் கொடுத்து முடிச்சா ஊசிக்குழாய் அடியில சொட்டு நிக்கும். கழுவி ஊத்தணும்னு ரூல். நான் ஊத்தல. ஒரு மூடியில சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். இருபத்தோரு நாள் கொடுத்தேன். கடைசி நாள் வீட்டுக்குப் போனா, கதவைத் திறந்துட்டு, 'ஏன்டி இவ்வளவு லேட்டு'ன்னு திட்டினாரு." பஸ் வருகிற திசையைப் பார்த்தாள். "ஏழு மாசத்துக்கு அப்புறம் திட்டினாரும்மா. எனக்கு அவ்வளவு சந்தோஷம். மறுநாள் தட்டு வெளுத்துப் போச்சு. எழுதினா என் மேலதான் பழி வரும்னு தெரியும். ஆனா எழுதலன்னா யாரும் சரி பண்ண மாட்டாங்களே."

அத்தைக்குக் கோபம் வந்தது. எனக்கு அந்தக் கோபம் தெரியும், மூக்கு விடைக்கும். "எலிக்கே இன்னும் முழுசாத் தெரியாத மருந்தைப் புருஷனுக்குக் கொடுத்திருக்கீங்க! ஏதாவது ஆகியிருந்தா?"

"தப்புதான். இனிமே மாட்டேன்." பிறகு மெதுவாகக் கேட்டாள். "அன்னைக்கு அவரு திட்டினது மருந்தாலயாம்மா? இல்ல அந்தத் தம்பி விரல் மாதிரி, என் ஆசைதான் காதுல கேட்டுச்சா?"

முப்பது வருடமாக எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த அத்தை, குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "தெரியலம்மா," என்றாள். "எனக்கு உண்மையிலயே தெரியல."

"ஓட்டை பெரிசா மாத்திட்டா, ஒழுங்கா பார்த்து, மனுஷங்களுக்கு வர எத்தனை வருஷமாகும்?"

"எட்டு வருஷம், பத்து வருஷம்னு சொல்றாங்க. காத்திருக்கத்தான் வேணும்."

பஸ் வந்து நின்றது. கூண்டு அக்கா படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"அவருக்கு அது கஷ்டமே இல்லம்மா. காத்திருக்கோம்ங்கிறதே அவருக்கு ஞாபகம் இருக்காது. ரெண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் காத்திருக்கணும்."